வேலையும் வேண்டும், வீடியோ சேனலும் வேண்டும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், சில வாரங்கள் கழிந்தவுடன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நானும் ஒரு யு-ட்யூப் சேனல் தொடங்கலாமா? வேலைக்குப் போய்க் கொண்டே அதனை நடத்த முடியுமா?" என்பதே அது. தொடங்குவது மிக எளிது. கூகுள் அக்கவுண்ட் ஒன்று இருந்தால் ஐந்து நிமிடங்களில் சேனல் தயாராகிவிடும். அதனைத் தொடர்ந்து நடத்துவதுதான் சிரமம். அதைவிடச் சிரமம், சேனலை நடத்தும்போது நமக்குச் சோறு போடும் வேலை கெடாமல் பார்த்துக் கொள்வது. நான் இதில் ஒரு முறை தவறியவன். எனவே, என் அனுபவத்தையும், அதன் பின்னர் நான் அமைத்துக் கொண்ட வழிகளையும் இங்கு தருகிறேன்.

நான் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். என் சேனலில் மலை வாழ்க்கையையும் அறிவியலையும் இணைத்துச் சிறு வீடியோக்கள் போடுகிறேன். மழை குறைந்தாலும் சாமை எப்படி விளைகிறது, தேன் ஏன் கெட்டுப் போவதில்லை, காவலூரில் ஏன் தொலைநோக்கி வைத்தார்கள் என்பது போன்ற விஷயங்கள். சேனலின் பெயரை இங்கு சொல்லப் போவதில்லை. சொன்னால் இது விளம்பரமாகிவிடும்.

என்ன நடந்தது?

தொடங்கிய முதல் மூன்று மாதங்கள் வாரத்திற்கு மூன்று வீடியோக்கள் போட்டேன். "அடிக்கடி போட்டால்தான் சேனல் வளரும்" என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பினேன். பள்ளி முடிந்து வீடு திரும்பியதும் லேப்டாப்பைத் திறப்பேன். எடிட் செய்து, வீடியோ பைலாக மாற்றி, அதனை அப்லோட் செய்து முடிக்க இரவு ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் பாதிக்கு மேல் நான் எதுவுமே செய்யவில்லை. திரையில் 34 சதவீதம், 35 சதவீதம் என்று நகரும் பட்டையைப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களையும் அந்த நாட்களில்தான் திருத்தினேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 61 மதிப்பெண் வாங்கியிருந்தாள். பட்டியலில் எழுதும்போது, அரைத் தூக்கத்தில், 16 என்று எழுதிவிட்டேன். விடைத்தாளைக் கொடுக்கும் நாளில் அவள் பள்ளிக்கு வரவில்லை. பட்டியலை மட்டும் தோழிகள் பார்த்துப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுவாரம் அவளுடைய தந்தை மேலூர் ஒன்றிலிருந்து நடந்தே வந்தார். "சார், பொண்ணுக்குப் படிப்பு ஏறலைன்னு தெரிஞ்சிப் போச்சு. பதினாறு மார்க்காம். காப்பி பறிக்கிற சீசன் வருது. கூடவே கூட்டிக்கினு போயிடறேன். பேரை எடுத்துடுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. முடிவு செய்துவிட்டவர் போலச் சொன்னார். விடைத்தாளை எடுத்துப் பார்த்த பிறகுதான் என் தவறு தெரிந்தது. அவர் கையைப் பிடித்துக் கொண்டு, "தப்பு என்னுடையதுங்க" என்றேன். நம்புவதற்கு அவருக்குச் சிறிது நேரம் ஆயிற்று.

அவள் படிப்பைத் தொடர்ந்தாள். ஆனால், அவர் அன்று நேரில் வராமல், அப்படியே அழைத்துக் கொண்டு போயிருந்தால்? அன்று மாலை தலைமை ஆசிரியர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சார், உங்க சேனலைப் பத்தி நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா, அதுக்கு அனுமதி வாங்கியிருக்கீங்களா? தூங்கறதுக்கு நேரம் இருக்கா?" இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஒரு மாதம் சேனல் பக்கமே போகவில்லை. அந்த மாதத்தில், எங்கே நேரம் போகிறது என்று காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். அதிலிருந்து கிடைத்தவைதான் இனி வருபவை.

வேலையோடு சேனல் நடத்தியவர்கள்

முதலில், இது முடியக் கூடிய செயல்தான் என்பதற்குச் சான்றுகளைப் பார்க்கலாம். யு-ட்யூப் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதில் வீடியோ போடத் தொடங்கியவர் அமெரிக்காவின் சல்மான் கான். இவர் நடிகர் அல்ல. கான் அகாடமியைத் தொடங்கியவர். முதலீட்டு நிறுவனம் ஒன்றில் ஆய்வாளராக வேலை பார்த்தார். 2004ஆம் ஆண்டில், வேறு ஊரில் இருந்த உறவுக்காரப் பெண் நாடியாவுக்குத் தொலைபேசி, இன்டர்நெட் வழியாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். மற்ற உறவினர் பிள்ளைகளும் கேட்கவே, 2006ஆம் ஆண்டு முதல் பாடங்களை வீடியோவாகப் பதிந்து யு-ட்யூபில் போட்டார். வேலையை விட்டது 2009ஆம் ஆண்டில்தான். அதாவது, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இரண்டையும் சேர்த்தே நடத்தினார். கேமரா முன் அவர் உட்காரவில்லை. கறுப்புத் திரையில் வண்ண எழுத்துகள், பின்னணியில் குரல், அவ்வளவுதான். இந்த எளிய முறை அவருக்கு எவ்வளவு நேரத்தை மிச்சம் செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் ஊரில், புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்தினர் 2018ஆம் ஆண்டு வில்லேஜ் குக்கிங் சேனலைத் தொடங்கினர். வயல் வேலை இல்லாத காலத்தைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தில் தொடங்கியது அது. தாத்தாவும் பேரன்களும் சேர்ந்து திறந்தவெளியில் சமைத்துக் காட்டினர். 2021ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்ற முதல் தமிழ் யு-ட்யூப் சேனல் ஆனது. வேலை எப்போது குறைவோ அப்போது வீடியோ என்ற அந்தத் தொடக்கத்தை நாம் கவனிக்க வேண்டும்.

இவர்களைப் போல் நாமும் ஆகிவிடுவோம் என்று எண்ணி வேலையை விட வேண்டாம். கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் சேனல்கள் மிகச் சிலவே. ஆனால், சிறிய அளவில், ஒழுங்காக, வேலை கெடாமல் நடத்துவது எல்லாருக்கும் முடியும்.

முதலில் அனுமதி

கேமராவை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் உண்டு. முன் அனுமதி பெறாமல் வணிகத்திலோ வேறு வேலையிலோ ஈடுபடக் கூடாது என்று அவை சொல்கின்றன. கேரளாவில் தீயணைப்புத் துறை ஊழியர் ஒருவர் சேனல் நடத்த அனுமதி கேட்டபோது, 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் அம்மாநில உள்துறை மறுத்துவிட்டது. சேனலால் வருமானம் வரும் என்பதே காரணம். எனவே, அரசுப் பணியில் இருப்பவர்கள் எழுத்து மூலம் அனுமதி கேட்டு, பதில் வந்த பிறகே விளம்பர வருமானம் பற்றி யோசிக்க வேண்டும். நான் விளம்பரம் இல்லாமல், பள்ளி நேரத்திற்கு வெளியே, என்ற வரையறைக்குள் நடத்துகிறேன்.

தனியார் நிறுவனத்தில் பணி புரிபவர்கள், தங்கள் பணி நியமன உத்தரவை எடுத்து ஒரு முறை படியுங்கள். வேறு தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கலாம். அலுவலகக் கம்ப்யூட்டரில் உங்கள் வீடியோவை எடிட் செய்யாதீர்கள். அலுவலகத்தின் உட்புறம், உடன் பணி புரிபவர்கள், வாடிக்கையாளர்கள் ஆகியோரைப் படம் பிடிக்காதீர்கள். நான் மாணவர்களைப் படம் பிடிப்பதில்லை. குழந்தையின் முகம் ஒரு முறை இன்டர்நெட்டில் ஏறிவிட்டால், யார் யார் சேமித்து வைத்தார்கள் என்று நம்மால் தெரிந்து கொள்ள முடியாது.

நேரக் கணக்கு

ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு ஏழு மணி என்றால் 49 போய்விடும். பள்ளி, போக்குவரத்து, பாடக் குறிப்பு, திருத்தும் பணி எல்லாம் சேர்ந்து எனக்கு 55 மணி. சமையல், குளியல், சந்தை, குடும்பம் ஆகியவற்றுக்கு 45 மணி. மீதி 19 மணி. இதில் ஓய்வும் வேண்டும், திடீர் வேலைகளும் வரும். எனவே, சேனலுக்கு வாரம் எட்டு மணி என்று வைத்துக் கொண்டேன்.

அடுத்து, எட்டு முதல் பத்து நிமிடங்கள் ஓடும் ஒரு வீடியோவுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து வைத்தேன். என் கணக்கு இது:

- எதைச் சொல்வது எனத் திட்டமிட: 1 மணி
- படம் பிடிக்க: 3 மணி
- பைல்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி ஒழுங்குபடுத்த: முக்கால் மணி
- எடிட் செய்திட: மூன்றரை மணி
- குரல் பதிய: முக்கால் மணி
- தலைப்பு, விளக்கம், முகப்புப் படம்: அரை மணி
- பார்வையாளர்களுக்குப் பதில் எழுத: அரை மணி

மொத்தம் பத்து மணி நேரம். வாரம் மூன்று வீடியோ என்றால் 30 மணி! இதனை எந்த வேலையோடும் சேர்க்க முடியாது. வாரத்திற்கு ஒன்று கூட என் எட்டு மணிக்குள் அடங்காது. இரண்டு வாரங்களுக்கு ஒன்று என்றால், கையில் 16 மணி. தேவை 10 மணி. மீதி ஆறு மணி, உடல்நலம் இல்லாத நாளுக்கும், கரண்ட் இல்லாத நாளுக்கும். ஆகவே இரண்டு வாரங்களுக்கு ஒரு வீடியோ என்று முடிவு செய்தேன். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால், கணக்குப் போட்ட பிறகே எத்தனை வீடியோ என்று முடிவு செய்யுங்கள்.

எங்கள் மலையில் காவலூரில் வைனு பாப்பு வான் ஆய்வகம் உள்ளது. 1986ஆம் ஆண்டு அங்கு 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நிறுவப்பட்டது. அதனைப் பயன்படுத்த விரும்பும் விஞ்ஞானிகளுக்கு எந்த இரவு யாருக்கு என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடுவார்கள். அன்று மேகம் வந்துவிட்டால், அந்த இரவு போனது போனதுதான். அடுத்தவருடைய இரவைக் கேட்க முடியாது. நானும் அப்படியே வைத்துக் கொண்டேன். சேனலின் நேரம் வீணானால் அது சேனலுக்கு நஷ்டம். தூக்கத்திலிருந்தோ பள்ளி வேலையிலிருந்தோ அதனை ஈடு கட்டுவதில்லை.

காத்திருப்பதைக் கம்ப்யூட்டரிடம் விடுங்கள்

மேலே உள்ள பட்டியலில் இரண்டு பணிகள் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? எடிட் செய்ததை ஒரே வீடியோ பைலாக மாற்றுவதும், அதனை அப்லோட் செய்வதும். இவற்றுக்குச் சில மணி நேரம் ஆகும். ஆனால், நாம் தேவை இல்லை. இந்த நேரத்தில் கண் விழித்து உட்கார்ந்ததுதான் என் முதல் தவறு. இதில் உள்ள கணக்கைப் புரிந்து கொண்டால் நீங்கள் அந்தத் தவறைச் செய்ய மாட்டீர்கள்.

இன்டர்நெட் வேகத்தை மெகா பிட் கணக்கில் சொல்வார்கள். பைலின் அளவை மெகா பைட் கணக்கில் சொல்வார்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே, 600 மெகா பைட் பைல் என்பது 4,800 மெகா பிட். 1080 வரிகள் கொண்ட முழு எச்.டி. வீடியோவுக்கு, ஒரு நொடிக்கு 8 மெகா பிட் என்ற அளவை யு-ட்யூப் பரிந்துரைக்கிறது. 720 வரிகள் என்றால் 5 மெகா பிட். பத்து நிமிட வீடியோ, அதாவது 600 நொடி, முழு எச்.டி.யில் 600 மெகா பைட் இருக்கும். 720ல் 375 மெகா பைட் இருக்கும்.

நகரத்தில் அப்லோட் வேகம் நொடிக்கு 20 மெகா பிட் கிடைத்தால், முழு எச்.டி. பைல் நான்கு நிமிடங்களில் போய்விடும். 2 மெகா பிட் என்றால் 40 நிமிடங்கள். எங்கள் வீட்டில் மழை நாட்களில் அரை மெகா பிட் கிடைத்தால் பெரிது. அப்போது 2 மணி 40 நிமிடங்கள் ஆகும். 720ஆக மாற்றினால் 1 மணி 40 நிமிடங்கள் போதும். மொபைல் போனில் வயல்வெளியைப் பார்ப்பவர்களுக்கு 720 போதுமானது என்பதால், நான் பெரும்பாலும் அதனையே பயன்படுத்துகிறேன்.

இன்னொரு விஷயம். பலர் மொபைல் போனின் ஹாட்ஸ்பாட் வழியாகத்தான் அப்லோட் செய்கிறார்கள். பல ரீசார்ஜ் திட்டங்களில், அன்றைய டேட்டா தீர்ந்தவுடன் வேகம் நொடிக்கு 64 கிலோ பிட் எனக் குறைந்துவிடும். அந்த வேகத்தில் 600 மெகா பைட் பைலை அனுப்ப ஏறத்தாழ 21 மணி நேரம் ஆகும். எனவே, பகலில் டேட்டாவைத் தீர்த்துவிட்டு இரவில் அப்லோட் செய்யத் தொடங்காதீர்கள்.

எடிட் செய்வது எப்படி?

முன்பு விண்டோஸ் மூவி மேக்கர் இருந்தது. அதனை மைக்ரோசாப்ட் 2017ஆம் ஆண்டு ஜனவரியில் நிறுத்திவிட்டது. இப்போது விண்டோஸ் 11 உடன் கிளிப்சாம்ப் என்ற புரோகிராம் கிடைக்கிறது. நான் பயன்படுத்துவது ஷாட்கட். இலவசமானது, இன்டர்நெட் இணைப்பு இல்லாமலும் இயங்கும், வீடியோவின் மீது தன் முத்திரை எதையும் பதிக்காது. இதனைப் பயன்படுத்தும் முறையைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

1. முதலில் டி டிரைவில் வீடியோவுக்கென ஒரு போல்டர் திறந்து, அதனுள் படம், குரல், முடிந்தது என மூன்று போல்டர்களை அமைத்திடுங்கள். மொபைல் போனில் உள்ள பைல்களைப் படம் என்ற போல்டருக்குக் காப்பி செய்திடுங்கள். முழு எச்.டி.யில் ஒரு நிமிடப் பதிவு 100 மெகா பைட்டுக்கும் மேல் போகலாம். எனவே, ஒரு மணி நேரம் பதிந்தால் 6 அல்லது 7 கிகா பைட் இடம் வேண்டும். தேவையற்ற பதிவுகளைக் காப்பி செய்வதற்கு முன்பே நீக்கிவிடுங்கள்.

2. ஷாட்கட் புரோகிராமைத் திறந்து, செட்டிங்ஸ் மெனுவில் வீடியோ மோட் சென்று, எச்.டி. 720 என்பதில் 30 பிரேம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

3. ஓப்பன் பைல் பட்டனில் கிளிக் செய்து உங்கள் வீடியோவைத் திறந்திடுங்கள். அதனைக் கீழே உள்ள டைம்லைனுக்கு மவுஸால் இழுத்து விடுங்கள்.

4. வேண்டாத பகுதி தொடங்கும் இடத்தில் கோட்டினை நிறுத்தி, கீ போர்டில் எஸ் கீயை அழுத்துங்கள். வீடியோ அங்கு இரண்டாக வெட்டப்படும். வேண்டாத பகுதி முடியும் இடத்திலும் இதே போல் வெட்டுங்கள். நடுவில் உள்ள துண்டைத் தேர்ந்தெடுத்து எக்ஸ் கீயை அழுத்தினால், அது நீங்கி, அடுத்த பகுதி தானாக நகர்ந்து ஒட்டிக் கொள்ளும்.

5. முடிந்தவுடன் எக்ஸ்போர்ட் பட்டனில் கிளிக் செய்திடுங்கள். கிடைக்கும் பட்டியலில் யு-ட்யூப் என்பதனைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்போர்ட் பைல் என்பதில் கிளிக் செய்து, முடிந்தது என்ற போல்டரில் சேவ் செய்திடுங்கள்.

இந்த ஐந்தாவது படியைத் தட்டிவிட்டு நான் சாப்பிடப் போய்விடுவேன். திரும்பி வரும்போது பைல் தயாராக இருக்கும். புதியவர்கள் எழுத்து பறப்பது, படம் சுழல்வது போன்ற எபெக்ட்களில் மணிக் கணக்கில் நேரத்தைச் செலவிடுகிறார்கள். வெட்டுவதும் ஒட்டுவதும் மட்டும் தெரிந்தால் போதும். முகப்புப் படத்திற்கும் 1280க்கு 720 பிக்ஸல் அளவில் ஒரு மாதிரியை ஒரு முறை தயாரித்து வைத்துவிட்டால், பிறகு படத்தையும் எழுத்தையும் மட்டும் மாற்றினால் போதும்.

தூங்கும்போது அப்லோட்

அப்லோடைப் படுக்கப் போகும் முன் தொடங்குங்கள். அதற்கு முன் ஒன்றைச் செய்திட வேண்டும். சிறிது நேரம் நாம் எதுவும் செய்யாமல் இருந்தால், விண்டோஸ் ஸ்லீப் நிலைக்குச் சென்றுவிடும், அப்லோடும் நின்றுவிடும். எனவே, செட்டிங்ஸ் சென்று, சிஸ்டம், பவர் என வரிசையாகத் தேர்ந்தெடுத்து, சார்ஜரில் இணைத்திருக்கையில் ஸ்லீப் ஆக வேண்டிய நேரத்தை நெவர் என மாற்றுங்கள். திரை மட்டும் அணையலாம், தவறில்லை. லேப்டாப் என்றால் மூடியை மூடிவிடாதீர்கள்.

பின்னர் யு-ட்யூப் ஸ்டூடியோ சென்று, கிரியேட் பட்டனில் கிளிக் செய்து, அப்லோட் வீடியோஸ் என்பதனைத் தேர்ந்தெடுங்கள். பைலைக் காட்டியவுடன் அப்லோட் தொடங்கிவிடும். அது நடக்கும்போதே தலைப்பு, விளக்கம் ஆகியவற்றை டைப் செய்திடலாம். இந்த வீடியோ குழந்தைகளுக்கானதா என்ற கேள்விக்கும் பதில் தர வேண்டும். இறுதியாக விசிபிலிட்டி என்ற பக்கம் வரும். இங்கு பப்ளிக் என்று தராமல், ஷெட்யூல் என்பதனைத் தேர்ந்தெடுத்து, தேதியையும் நேரத்தையும் கொடுங்கள். அந்த நேரம் வரை வீடியோ யாருக்கும் தெரியாது. நேரம் வந்தவுடன் தானாக வெளியாகும்.

இந்த ஷெட்யூல் வசதிதான் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கிடைத்த பெரிய உதவி. ஞாயிறு காலை பத்து மணிக்கு வீடியோ வெளியாக வேண்டும் என்பதற்காக, சனி இரவு கண் விழிக்க வேண்டியதில்லை. பத்து நாட்கள் முன்பே ஏற்றி வைத்துவிடலாம். மேலும், அப்லோட் ஆன வீடியோவின் தெளிவான வடிவத்தைத் தயாரிக்க யு-ட்யூபுக்குச் சிறிது நேரம் வேண்டும். உடனே வெளியிட்டால், முதலில் பார்ப்பவர்களுக்கு மங்கலாகத் தெரியும். இந்தக் குறையும் ஷெட்யூல் செய்வதால் நீங்கிவிடும்.

இடையில் இணைப்பு அறுந்துவிட்டால் கவலைப்பட வேண்டாம். 24 மணி நேரத்திற்குள் அதே பைலை மீண்டும் தேர்ந்தெடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும். 15 நிமிடங்களுக்கு மேற்பட்ட வீடியோவை ஏற்ற வேண்டும் என்றால், உங்கள் போன் எண்ணைத் தந்து அக்கவுண்டை உறுதி செய்திட வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கையிருப்பு வையுங்கள்

எங்கள் மலையில் சாமையை அறுத்துப் பானையிலும் குதிரிலும் போட்டு வைத்து, வருடம் முழுவதும் எடுத்துக் குத்திச் சாப்பிடுவார்கள். வீடியோவையும் அப்படி வைத்துக் கொள்ளலாம். மே விடுமுறையில் நான் மூன்று அல்லது நான்கு வீடியோக்களைத் தயார் செய்து, ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிடுவேன். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வு வாரங்களில் அவற்றை ஷெட்யூல் செய்துவிட்டு, எடிட்டிங் புரோகிராமைத் திறக்கவே மாட்டேன். விடைத்தாள் மேசையில் இருக்கும்போது லேப்டாப் பெட்டிக்குள் இருக்கும். இது என் வீட்டில் எழுதப்படாத சட்டம்.

உங்களுக்கும் ஆண்டில் சில வாரங்கள் வேலை நெருக்கும். கணக்கர்களுக்கு மார்ச், துணிக் கடையில் பணி புரிபவர்களுக்குத் தீபாவளி. அந்த வாரங்களை இப்போதே காலண்டரில் குறித்து, அதற்கான வீடியோக்களை முன்பே தயாரித்திடுங்கள். தயாரான பைல்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் காப்பி எடுத்து வையுங்கள். ஒரு டிஸ்க் கெட்டால் பத்து மணி நேர உழைப்பு போய்விடும்.

மெயில், கமெண்ட், எச்சரிக்கை

கமெண்ட்களை வேலை நேரத்தில் பார்க்காதீர்கள். மொபைல் போனில் யு-ட்யூப் ஸ்டூடியோவின் நோட்டிபிகேஷனை நிறுத்திவிடுங்கள். நான் புதன், ஞாயிறு மாலை மட்டும் பார்க்கிறேன். உங்கள் சேனலுக்கு விளம்பரம் தருகிறோம் என்று கூறி, ஒரு பைலை இணைத்து மெயில் வந்தால் திறக்காதீர்கள். அக்கவுண்டைக் கைப்பற்ற இந்த வழி அதிகம் பயன்படுத்தப்படுகிறது. கூகுள் அக்கவுண்டில் இரண்டு அடுக்குப் பாதுகாப்பை இன்றே அமைத்திடுங்கள். பறிபோன சேனலை மீட்க நாட்கணக்கில் அலைய நேரிடும். அந்த நாட்கள் நம்மிடம் இல்லை.

பணம் வருமா?

பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி இது. விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க, 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் உங்கள் வீடியோக்கள் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருப்பதும் வேண்டும். அல்லது, 90 நாட்களில் ஷார்ட்ஸ் வீடியோக்கள் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். 4,000 மணி என்பது 2,40,000 நிமிடங்கள். ஒருவர் சராசரியாக நான்கு நிமிடங்கள் பார்த்தால், 60,000 முறை பார்க்கப்பட வேண்டும். இரண்டு வாரத்திற்கு ஒன்று என ஆண்டுக்கு 26 வீடியோக்கள் என்றால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,300 முறை. முடியாதது அல்ல. ஆனால், முதல் ஆண்டிலேயே நடந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தகுதி பெற்ற பின்னரும், கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்பப்படும். வரும் பணத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

இந்தக் கணக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. சேனல் பணம் தரத் தொடங்கும் வரை, அதனைத் தாங்கி நிற்பது உங்கள் மாதச் சம்பளம்தான். லேப்டாப், ரீசார்ஜ், கரண்ட் பில் எல்லாமே அதிலிருந்துதான் வருகின்றன. எனவே, எது எதற்கு வழிவிட வேண்டும் என்பதில் குழப்பம் வேண்டாம்.

சுருக்கமாகச் சொல்வதென்றால், அனுமதி பெறுங்கள். வாரத்தில் எத்தனை மணி எனக் கணக்கிடுங்கள். காத்திருக்கும் பணிகளைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டுத் தூங்குங்கள். நெருக்கடியான வாரங்களுக்குக் கையிருப்பு வையுங்கள்.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டாள். சாமை பற்றிய என் வீடியோவைப் பார்த்துவிட்டு, "சார், அறுப்பு சமயத்துல எடுத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றாள். உண்மைதான். ஆனால், அறுப்பு நடந்த வாரத்தில் பள்ளியில் தேர்வு. அடுத்த ஆண்டு இரண்டும் வேறு வேறு வாரங்களில் வந்தால் எடுத்துக் கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.